பட்டன அமுத்திப்போட்டு டீ குடிக்கப் போயிருவீங்களா, டாக்டரம்மா?

போன வாரம் எலும்பு டாக்டரின் அறையில் என் மாமா கேட்ட கேள்விதான் தலைப்பு.

"ஏனுங்க டாக்டரம்மா, ரோபோவுல பட்டன அமுத்திப்போட்டு நீங்க டீ குடிக்கப் போயிருவீங்களாங்க?"

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

அத்தை தலையில் கை வைத்தார். (அந்தக் கைக்கு அது வழக்கமான இடம்.)

"ஏனுங்க, கொஞ்சம் கம்முனு இருங்க."

"இரு புள்ள, உள்ள படுக்கப் போறது நானு."

மாமாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் தம்பி. சிங்காநல்லூரில் சின்னதாக ஒரு ஒர்க்‌ஷாப் வைத்து, மோட்டார் பம்ப்புக்குப் பாகங்கள் கடைந்து கொடுக்கிறார்.

அங்கே கம்ப்யூட்டர் சொல்கிறபடி தானாகவே கடையும் மெஷின் ஒன்று உண்டு. ஓட்டுகிறவர் இரும்புத் துண்டை மாட்டுவார், பச்சை பட்டனை அமுக்குவார், டீ குடிக்கப் போய்விடுவார். (கடைய வேண்டியவர் கடையில்.)

ஒரு நாள் கம்ப்யூட்டரில் அளவு தப்பிப்போனது தெரியாமல் டீயோடு வடையும் சேர்ந்துகொள்ள, அவர் திரும்பி வருவதற்குள் பம்ப்புக்குப் போக வேண்டிய பாகம் எனக்கு வளையலாகப் போடும் அளவுக்கு மெலிந்துவிட்டது.

இப்போது அந்த இரும்புத் துண்டின் இடத்தில் தன் இடுப்பை வைத்துப் பார்த்திருக்கிறார் மாமா.

இடது பக்க இடுப்பு மூட்டு சுத்தமாகத் தேய்ந்துபோய், பைக்கில் கால் தூக்கிப் போட முடியவில்லை. வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்துத்தான் நடை. மூட்டை மாற்றினால்தான் ஆச்சு. அத்தை கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்திருந்தார். ஆப்பரேஷனுக்கு ரோபோவும் துணைக்கு இருக்கும் என்று டாக்டரம்மா சொன்னதும் மாமா "எந்திரி, ஊட்டுக்குப் போலாம்" என்று ஆரம்பித்துவிட்டார்.

('அரை' என்றால் இடுப்பு என்று எங்கள் தமிழ் மிஸ் சொல்லியிருக்கிறார். மாமாவுக்கு அரையும் சரியில்லை, வந்ததும் அரை மனதோடு.)

டாக்டரம்மாவுக்குப் பொள்ளாச்சிப் பக்கம். கோபமே வரவில்லை.

"டீயெல்லாம் ஆப்பரேஷன் முடிஞ்சுதானுங்க. உங்க மெஷின் தானா ஓடும், இது ஓடாது. நான் கைய எடுத்தா அங்கயே நின்னுரும்."

"அப்பறம் எதுக்குங்க அது? போட்டோவுக்கு நிக்கவா?"

டாக்டரம்மா மேஜையில் இருந்த காலி டம்ளரையும் தன் பேனாவையும் மாமாவிடம் நீட்டினார்.

"பேனாவ உள்ள உட்டு எப்படி வேணாலும் சுத்துங்க."

மாமா சுற்றினார். டங் டங்கென்று இடித்தது.

"சுத்தறது யாருங்க?"

"நானுங்க."

"டம்ளரு என்ன பண்ணுது?"

"அது வெளிய போகாம தடுக்குது."

"அவ்வளவுதானுங்க ரோபோ. உங்க ஸ்கேன பாத்து, டம்ளரு எத்தன பெருசு, எந்தப் பக்கம் சாயணும்னு முடிவு பண்றது நான். அறுக்கறது நான். தொட எலும்பு உச்சியில தேஞ்ச பந்த எடுத்துப்போட்டு, அது உக்கார்ற இடுப்புக் குழிய ரீமர்ல கடையறதும் நான். ரோபோ அந்த ரீமரப் புடிச்சுக்கும். நான் போட்ட கோட்டத் தாண்ட உடாது."

"ரீமருங்களா?"

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒர்க்‌ஷாப்பில் துளையைக் கடைய அவர் தினமும் எடுக்கிற கருவி அது. வெளியூரில் சொந்தக்காரரைப் பார்த்த முகம்.

ஆனாலும் விடவில்லை.

"நடுவுல அதுக்குக் கிறுக்குப் புடிச்சு நின்னுபோச்சுன்னா?"

"ஓரமா தள்ளி வெச்சுப்போட்டு என் கையிலயே முடிப்பேனுங்க. அது வர்றதுக்கு முன்னால அப்படித்தானே பண்ணீட்டிருந்தேன்."

மாமா டம்ளருக்குள் இன்னொரு சுற்று சுற்றினார். அப்புறம் பேனாவைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"செரி. செஞ்சுபோடுங்க."

நேற்று ஆப்பரேஷன். வெளியே காத்திருந்த நேரம் முழுக்க எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. அத்தையே பயந்துபோய், "ஏன் கண்ணு, காய்ச்சலா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

கதவு திறந்தது. டாக்டரம்மா தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"நல்லபடியா முடிஞ்சுதுங்க. ரெண்டு காலும் ஒரே நீளமான்னு அளந்து பாத்துட்டேன்."

அத்தை அழுதுவிட்டார். நான் அழவில்லை. (ஏசி காற்று கண்ணில் பட்டது.)

இன்று காலை வாக்கரைப் பிடித்துக்கொண்டு முதல் நடை. பிசியோதெரபி அண்ணன் பக்கத்திலேயே நின்றார். ஓர் அடி. இன்னோர் அடி. மாமா சுவரைத் தேடவே இல்லை.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே என் பழைய புத்தியும் வந்தது.

பின்னால் போய் நின்றுகொண்டு, அவர் அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் மெதுவாக, "உய்ங்... உய்ங்..."

மாமா அப்படியே நின்றார். சரியாக அந்த நேரம் டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்தார்.

"டாக்டரம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்த ரோபோவ உள்ளயே உட்டுப்போட்டீங்களா?"

டாக்டரம்மா எட்டிப் பார்த்தார்.

"உள்ள இல்லீங்க. உங்களுக்குப் பின்னால நிக்குது, ரெட்டச் சடை போட்டுட்டு."

மாமா சிரித்த சிரிப்பில் வாக்கரோடு ஜன்னல் வரைக்கும் போய்விட்டார்.

ஆக மக்களே, ரோபோ கை கொடுத்தது. டாக்டரம்மா கால் கொடுத்தார்.

வாய் மட்டும் என்னுடைய உபயம்.