வரதராஜனின் இடது கண்

வெஸ்ட்மீட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடமாக எக்ஸ்ரே எடுப்பவர் வரதராஜன். கிரவீனில் வீடு. வயது நாற்பத்தொன்பது. மெலிந்த தோள், சற்றே முன்தள்ளிய வயிறு. எவர் எதைச் சொல்லத் தொடங்கினாலும், அது தனக்கு முன்பே தெரியும் என்று காட்டிக்கொள்ளாமல் இருக்க முடியாத சுபாவம். அந்தச் சுபாவம்தான் அவரைக் கொண்டுபோய் மாட்டிவிட்டது.

போன வருடம் ஜூலையில், கூட வேலை செய்யும் கிரெய்க் மத்தியானச் சாப்பாட்டு அறைக்கு மான் இறைச்சிக் கறி கொண்டுவந்தான். ஓபரன் பக்கம் அவனுடைய அண்ணனுக்கு ஒரு பண்ணை இருக்கிறது. அங்கே மான் தொல்லை. கிரெய்க் வருடா வருடம் போய் வில்லால் வேட்டையாடுவான். கப்பி, குறிகாட்டி எதுவும் பூட்டாத பழைய முறை வில். மரமும் நாணும் மட்டும். அவன் அதைப்பற்றிச் சொல்லச் சொல்ல எல்லோரும் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரதராஜன் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார்.

"நானும் சின்ன வயதில் வில் பிடித்தவன்தான்" என்றார், ஆங்கிலத்தில்.

பொய் இல்லை. ஒன்பது வயதில் பூவரசந் தடியை வளைத்துச் சணல் கட்டி, ஈர்க்கில் அம்பு செய்து, பக்கத்து வீட்டுச் சேவலைக் குறிபார்த்திருக்கிறார். சேவலுக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்த விபரங்களை மட்டும் அவர் சொல்லவில்லை.

"எத்தனை இறாத்தல் வில்?" என்று கிரெய்க் ஆவலாகக் கேட்டான்.

வில்லை முழுதாக இழுக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பதைத்தான் இறாத்தலில் சொல்வார்கள் என்று வரதராஜனுக்கு அப்போது தெரியாது. "அதையெல்லாம் நான் அளந்து பார்ப்பதில்லை" என்றார். பெரிய வீரனின் பதிலாக அது எடுத்துக்கொள்ளப்பட்டது. அடுத்த ஏப்ரலில், ஆண் மான்கள் கத்தித் திரியும் காலத்தில், வேலையிடத்தில் ராஜ் என்று அழைக்கப்படும் வரதராஜனும் பண்ணைக்கு வருகிறார் என்று அந்த மேசையிலேயே முடிவாயிற்று.

அடுத்த சனிக்கிழமை அவர் தொழிற்பேட்டை ஒன்றுக்குள் இருந்த வில்லுக் கடைக்குப் போனார். வெள்ளைக்காரர் யாராவது நிற்பார், நாலு வார்த்தை அளந்துவிட்டு வாங்கி வந்துவிடலாம் என்பது அவர் கணக்கு. கடையில் நின்றது கேத்ரின். மலேசியப் பெண், முப்பது வயதிருக்கும். ஈப்போவில் பள்ளிக்கூட நாட்களிலிருந்தே வில்லெய்தவள், சிட்னிக்குப் படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவள். வரதராஜனின் பெயரைக் கேட்டதுமே தமிழுக்கு மாறிவிட்டாள். ஆங்கிலத்தில் அளக்கக்கூடியதைத் தமிழில் அவ்வளவு சுலபமாக அளக்க முடியாது.

"மொதல்ல கண்ணப் பாப்போம் அங்கிள். ரெண்டு கையையும் நீட்டி, நடுவுல சின்ன ஓட்டை மாதிரி வச்சுக்குங்க. அது வழியா அந்தக் கடிகாரத்தப் பாருங்க. பாத்துக்கிட்டே கைய மொகத்துக்கிட்ட கொண்டு வாங்க."

கை நேராக இடது கண்ணுக்கு வந்து நின்றது.

"உங்களுக்கு எடது கண்ணுதான் மொதலாளி" என்றாள் கேத்ரின். "குறி பாக்குறது அதுதான். எடது கையால இழுக்குற வில்லு வாங்குங்க."

"பிள்ளை, நான் வலக்கைக்காரன்."

"எழுதறதுக்கு வலது கை. அம்புக்கு எடது கண்ணு. கண்ணு சொல்றதத்தான் கேக்கணும்."

வரதராஜன் இன்னொருமுறை செய்து பார்த்தார். மீண்டும் இடது கண். நாள் முழுக்க ஆட்களின் எலும்புப் படங்களில் இடம் எது வலம் எது என்று எழுத்துப் போட்டு அடையாளம் வைக்கிற மனிதருக்கு, தன் சொந்த முகத்தில் எந்தப் பக்கம் ஆட்சி நடக்கிறது என்று நாற்பத்தொன்பது வருடமாகத் தெரியாமல் இருந்திருக்கிறது. இதை அவரால் சீரணிக்க முடியவில்லை. வலக்கை வில்தான் வேண்டும் என்றார். இறாத்தலும் ஐம்பத்தைந்து வேண்டும், ஏனென்றால் கிரெய்க்கினுடையது ஐம்பத்தைந்து.

"முப்பதுல ஆரம்பிங்க அங்கிள். பழகினப்புறம் கூட்டிக்கலாம். மானுக்கு நாப்பத்தஞ்சு இருந்தாலே போதும்."

"நான் தாங்குவன்."

ஒரு ஐம்பத்தைந்தை எடுத்துக் கொடுத்து, இழுத்துப் பிடித்துக்கொண்டு பத்து வரைக்கும் எண்ணச் சொன்னாள். வரதராஜன் நாலு வரை எண்ணினார். ஐந்தை வாய்க்குள் சொன்னதாகச் சொன்னார். கேத்ரின் அதைப் பொதி செய்தாள். அதன் விறைப்புக்கு ஏற்ற மர அம்புகள் பன்னிரண்டும் வைத்தாள். வில்லில் முதல்முறை நாணேற்றுமுன் தனக்குப் போன் பண்ணச் சொன்னாள்.

அவர் போன் பண்ணவில்லை. வீட்டுக் கராஜில் நாணைத் தலைகீழாக, வில் வளைந்திருந்த பக்கத்திலேயே பூட்டப் பார்த்தார். அது கைவழுகித் துள்ளி, சலவைப் பவுடர் பெட்டியைத் தட்டி விழுத்தியது. சத்தம் கேட்டு மனைவி ராகவி வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா இது?"

"வில்லு."

"அது தெரியுது. ஏன் எண்டு கேக்கிறன்."

"வேலையிடத்தில ஒரு விஷயம்" என்றார் வரதராஜன். ராகவி வெள்ளை மாவாகக் கிடந்த நிலத்தையும் அவரையும் பார்த்துவிட்டு, தும்புத்தடியை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

பிறகு ஞாயிறு தோறும் வில்லெய்யும் கிளப் ஒன்றுக்குப் போனார். அம்புகள் எல்லாம் ஒருமித்து இடது பக்கம் மூன்று அடி தள்ளிப் போயின. வலக்கையால் இழுக்க, இடது கண் தன்பாட்டில் குறிபார்க்க, இரண்டுக்கும் நடுவில் அம்பு என்ன செய்யும். பக்கத்துப் பாதையில் எய்துகொண்டிருந்தவர் மரியாதையாகத் தன் கதிரையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். ஆறாவது ஞாயிறு வலத்தோளில் ஏதோ ஒன்று "கிளுக்" என்றது. திங்கட்கிழமை கை தோளுக்கு மேலே எழும்பவில்லை.

வைத்தியர் படம் எடுக்கச் சொன்னார். படம் எடுக்கும் இடம் அவருடைய சொந்த இடம்தான். அன்றைக்கு அந்த அறையில் வேலை பார்த்தது கிரெய்க். ஆயிரம் பேரைப் படுக்கவைத்த மேசையில் ஆஸ்பத்திரிச் சட்டையோடு வரதராஜன் ஏறி இருந்தார்.

"எப்படி ஆனது?" என்று கிரெய்க் கேட்டான்.

கையை அசைக்க முடியாத நிலையில், முதுகுப் பக்கம் திறந்த சட்டையோடு இருக்கும் மனிதனுக்குப் பெருமை பேசுவது கஷ்டம். வரதராஜன் எல்லாவற்றையும் சொன்னார். ஐம்பத்தைந்து இறாத்தல், இடது கண், பூவரசந் தடி, சேவல். கிரெய்க் சிரிக்காமல் கேட்டான். மூச்சைப் பிடிக்கச் சொன்னான், படம் எடுத்தான், விடச் சொன்னான். அதன் பிறகுதான் சிரித்தான். "ஏப்ரல் அப்படியே இருக்கட்டும்" என்றான். "இன்னும் ஏழு மாதம் இருக்கிறது."

எலும்பில் பிழையில்லை, தசைநார்தான் இழுபட்டிருந்தது. ஆறு வாரம் ஓய்வு. கை சரியானதும் வரதராஜன் கடைக்குப் போனார். கேத்ரின் அவரைக் கண்டதும் உள்ளே போய் ஓர் இடக்கைப் பிடியையும், பிடிக்கு மேலும் கீழும் பூட்டிக் கழற்றி மாற்றக்கூடிய முப்பது இறாத்தல் வில்கைகளையும் எடுத்து வந்து மேசையில் வைத்தாள். அவை இருந்த பெட்டியில் ஏற்கெனவே "அங்கிள்" என்று எழுதியிருந்தது.

"நான் வருவன் எண்டு எப்பிடித் தெரியும்?"

"நாலு வரைக்கும்தானே எண்ணினீங்க" என்றாள்.

இந்த முறை எல்லாவற்றையும் அவளிடம் ஒழுங்காகக் கேட்டார். நாணை முறுக்கினால் அது கட்டையாகி வில்லின் பிடியிலிருந்து விலகும், முறுக்கைக் கழற்றினால் கிட்ட வரும். பிடிக்கும் நாணுக்கும் இடையில் ஏழரை அங்குலத்தில் தொடங்கி, வில் எந்த அளவில் சத்தம் குறைகிறதோ அங்கே நிறுத்த வேண்டும். அம்பு கொளுவும் இடத்தில் நாணிலே ஒரு பித்தளை வளையம். கடைசியாக ஒரு சட்டமும் போட்டாள். சாப்பாட்டுக் கோப்பை ஒன்றின் அளவுக்கு அட்டை வெட்டி வைத்து, ஐந்து அம்பு எய்து ஐந்தும் உள்ளே விழும் தூரம்தான் அவருடைய தூரம். அதற்கு ஒரு அடி அப்பால் மான் நின்றாலும் எய்யக்கூடாது. "இல்லன்னா மானு காயத்தோட ஓடும் அங்கிள். பாவம்." வரதராஜன் தலையாட்டினார்.

ஜனவரியில் நாற்பத்தைந்து இறாத்தலுக்கு வந்துவிட்டார். அப்போதுதான் சிறகுப் பிரச்சினை வந்தது. ஒரு வியாழன் பின்னேரம் கிளப்பில் மழையில் நனைந்து அம்புச் சிறகுகள் எல்லாம் கோழிக்குஞ்சு போல ஒட்டிப்போயின. வான்கோழிச் சிறகு, ஆவியில் காட்டினால் பழையபடி விரியும் என்று கிளப்பில் யாரோ சொன்னார்கள். அடுத்த நாள் காலை ராகவி கோயிலுக்குப் போயிருந்த நேரம், வரதராஜன் குசினியில் கண்ணில் பட்ட முதல் பானையை அடுப்பில் வைத்தார். ஆவி அதன் ஒடுங்கிய வாயால் நேராக மேலே வரும், அம்பைப் பிடிக்கத் தோதாக இருந்தது. ஒவ்வொன்றாக உருட்டி உருட்டிக் காட்டினார். சிறகுகள் பூப்போல விரிந்தன. ஒன்பதாவது அம்பில் நின்றபோது ராகவி அருச்சனைத் தட்டோடு உள்ளே வந்தாள்.

"என்ர புட்டுப்பானை" என்றாள்.

"ஆவி மட்டும்தான் படுது, ராகவி. பானைக்குள்ள ஒண்டும் போகேல்லை."

"இண்டைக்கு என்ன கிழமை?"

வரதராஜன் யோசித்தார். யோசிக்காமலே தெரிந்ததுதான். "வெள்ளி" என்றார்.

"வெள்ளிக்கிழமை. வான்கோழி. புட்டுப்பானை." ராகவி மூன்றையும் தனித்தனியாக, மெதுவாகச் சொன்னாள். அன்று பின்னேரமே தண்ணீர் கொதிக்க வைக்க அவருக்குச் சொந்தமாக ஒரு கேத்தல் கராஜுக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பானை பிறகு பூச்சாடியாகப் போயிற்று; அதில் இப்போது கறிவேப்பிலை நிற்கிறது.

சிறகு சரியானது, அம்பு சரியாகவில்லை. வில்லோடு அம்பு ஒத்துப்போகிறதா என்று பார்க்கச் சிறகில்லாத அம்பொன்றை எய்து பார்ப்பார்கள். வரதராஜனின் மொட்டை அம்பு எப்போதும் மற்றவற்றுக்கு வலது பக்கம் போய்க் குத்தியது. வலது பக்கம் போனால் அம்பு தொய்வு, அதாவது அளவுக்கு மீறி வளைகிறது, வெட்டிக் கட்டையாக்கு என்றது அவர் பார்த்த வீடியோ. மூன்று அம்புகளைக் கட்டையாக்கினார். அவை இன்னும் வலது பக்கம் போயின.

அடுத்த நாள் வேலையில், ஒரு கிழவரின் நெஞ்சுப் படத்தைத் திரையில் போட்டுவிட்டு நின்றவர் அப்படியே நின்றுவிட்டார். படத்தில் நோயாளியின் வலது, பார்ப்பவருக்கு இடது. இருபத்திரண்டு வருடமாக இதை மனதில் புரட்டிப் புரட்டித்தான் அவர் பிழைப்பு நடக்கிறது. வீடியோ வலக்கைக்காரருக்கு. அவர் இடக்கைக்காரர். எல்லாவற்றையும் புரட்ட வேண்டும். அம்பு தொய்வில்லை, விறைப்பு. ஐம்பத்தைந்துக்கு வாங்கிய அம்பை நாற்பத்தைந்தில் விட்டால் வேறெப்படி இருக்கும். வெட்டத் தேவையில்லை, முன்னால் பாரமான முனை போட்டால் விறைப்புக் குறையும். போட்டார். மொட்டை அம்பு மற்ற அம்புகளோடு தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றது. மறுநாள் வேலைக்கு வந்த அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் குடியுரிமை கிடைத்தவர்களிடம்கூடப் பார்க்க முடியாது என்று கிரெய்க் பின்னர் சொன்னான்.

ஏப்ரல் வந்தது. கோப்பைக் கணக்கில் வரதராஜனின் தூரம், நீட்டி வைத்தால் பதினாறு காலடி. சனிக்கிழமை விடியற்காலையில் கிரெய்க் அவரை வேலியோரம் விழுந்து கிடந்த மரக்குற்றிக்குப் பின்னால் முழங்காலில் இருத்திவிட்டு மறுபக்கம் போனான். குளிர். அரை மணி நேரத்தில் முழங்கால் தன்னுடையதுதானா என்று சந்தேகம் வந்தது. அப்போது ஒரு மான் வந்தது.

இருபத்தோரு காலடியில் நின்று புல் மேய்ந்தது. வரதராஜன் எய்யவில்லை. கணக்குக் கணக்குத்தான். மான் மேய்ந்து மேய்ந்து பதினெட்டுக்கு வந்தது. பிறகு பதினாலு. அவர் மூச்சைப் பிடித்தார், இழுத்தார், இடது கண் மானின் முன்னங்காலுக்குப் பின்னால் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டது. விட்டார்.

வில்லின் கீழ்க்கை மரக்குற்றியில் மோதியது. அம்பு மானுக்கு மேலே பாய்ந்து, வேலிக் கட்டையில் "டக்" என்று குத்தி நின்றது. மான் கட்டையைப் பார்த்தது. பிறகு வரதராஜனைப் பார்த்தது. ஓடவில்லை; வேலைக்கு நேரமாகிவிட்டது போலச் சாவகாசமாக நடந்து போனது. வரதராஜனுக்கு மான் மேல் கோபம் வரவில்லை. மரக்குற்றி மேல்தான் வந்தது. கிரெய்க் திரும்பி வந்தபோது அவர் குற்றியின் உயரத்தைச் சாணால் அளந்துகொண்டிருந்தார்.

அம்பைக் கட்டையிலிருந்து பிடுங்க இரண்டு பேருக்கும் முக்கால் மணி நேரம் எடுத்தது. கிரெய்க்குக்கும் அன்று ஒன்றும் கிடைக்கவில்லை. அண்ணன்காரன் தேத்தண்ணி தந்து, வேலிக் கட்டைகள் பண்ணைக்குத் தொல்லையில்லை, அவற்றுக்கு அம்பு விட வேண்டாம் என்றான்.

திங்கட்கிழமை சாப்பாட்டு அறையில் எல்லோரும் கேட்டபோது வரதராஜன் நடந்ததை நடந்தபடி சொன்னார். குற்றியின் உயரம் உட்பட. கேட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அவர் வாயிலிருந்து இவ்வளவு சுவையான கதை வந்தது இதுவே முதல்முறை என்று ஒரு தாதி சொன்னாள்.

இன்றுவரை அவர் மான் அடிக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் கிளப்பில் அவரைச் சுற்றி ஆள் நிற்கும். இடக்கைக்காரர்களுக்கென்று அவர் ஒரு பக்கத்தில் எழுதிய குறிப்பைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். போன வாரம் பென்ரித்திலிருந்து ஒரு லொறிக்காரர், கதவு நிலை அளவு ஆள், தன் வில் தகரம் போலச் சத்தம் போடுகிறது என்று கொண்டுவந்தார். வரதராஜன் ஒருமுறை எய்யச் சொல்லிக் கேட்டார். நாணைக் கழற்றிப் பன்னிரண்டு முறுக்குப் போட்டுத் திரும்பப் பூட்டினார். லொறிக்காரர் எய்தார். வில்லிலிருந்து ஒரு மெல்லிய சத்தம் மட்டும் வந்தது.

"எத்தனை இறாத்தல் இது?" என்று வரதராஜன் கேட்டார்.

"அறுபது."

"இழுத்துப் பிடித்துக்கொண்டு பத்து வரைக்கும் எண்ணிப் பாருங்கள்" என்றார், பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டே.