காலை பஸ்ஸும் ஒரு ஜாமீன் உத்தரவும்

துணைக்குப் போவதுதான் என் பிழைப்பு. ஆனால் அந்தப் பிழைப்பில் எனக்குத் துணை கிடையாது. போக்சோ வழக்குகளில் பாதிக்கப்பட்ட பிள்ளைகளோடு ஸ்டேஷனிலிருந்து கோர்ட்டு வரை கூடவே போகிற 'ஆதரவு நபர்' நான். கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. வேலையில் நடந்ததைச் சோற்றோடு சேர்த்து விழுங்குகிறவர்கள் உங்களில் யாராவது இருந்தால், வாருங்கள், நாமெல்லாம் ஒரே சாதி.

வீட்டுக்கார அம்மாவின் சந்தேகம்

கள்ளக்குறிச்சியில் ஒண்டிக்கட்டையாக வாடகைக்கு இருக்கிறேன். எங்கே போகிறீர்கள் என்று யார் கேட்டாலும் ஒரு சிரிப்புதான் பதில். வீட்டுக்கார அம்மா பல மாதம் பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் தண்ணீர் பிடிக்கும்போது குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "தப்பா நெனச்சிக்காதீங்க. எப்பப் பாரு கோர்ட்டு, கோர்ட்டுன்னு போய்க்கினு இருக்கீங்களே, உங்க மேல இன்னா கேஸு?"

மலைக்குக் கொண்டுபோன சேதி

மலைமேல் கரியாலூர் தாண்டி ஒரு சின்ன ஊர். அங்கே எட்டாவது படிக்கிற ஒரு பெண். பேர் சொல்ல மாட்டேன். அவள் வழக்கில் கைதானவன் அதே ஊர்க்காரன். ஜாமீன் கேட்டு மனுப் போட்டிருந்தான். பெண்ணின் குடும்பத்துக்குத் தெரிவிக்காமல் கோர்ட்டு அதை முடிவு செய்யாது. அந்தச் சேதியோடு போனேன்.

வீட்டுக்குப் போனால் ஊர் கூடும் என்று மரவள்ளிக் கொல்லையில் வைத்து அவள் அம்மாவிடம் பேசினேன். குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டது, பெண்ணின் வாக்குமூலமும் பதிவாகிவிட்டது. இனி அவன் ஓடிப்போவானா, சாட்சியை மிரட்டுவானா, குற்றம் எவ்வளவு பெரியது என்றெல்லாம் பார்ப்பார்கள். ஜாமீன் என்றால் விடுதலை இல்லை என்று விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "விடுதலை இல்லன்னு உங்களுக்குத் தெரியுது, எனுக்குத் தெரியுது. அவன் பஸ்ஸ வுட்டு எறங்குறப்ப ஊருக்கு இன்னாங்க தெரியும்?"

நல்ல நிபந்தனைகள்

ஜாமீன் கிடைத்தது. பெண்ணின் ஊருக்குள் நுழையக் கூடாது. அவளிடமோ குடும்பத்திடமோ பேசக் கூடாது. தினமும் காலையில் மலையடிவாரத்து ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கும் நல்ல நிபந்தனைகளாகத்தான் பட்டன. அவன் பக்கத்து ஊரில் அண்ணன் வீட்டில் தங்கினான். எதையும் மீறவில்லை.

அடுத்த வாரமே பெண் மலையிறங்கிப் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டாள். ஏன் என்று போய்க் கேட்டேன். தாவணி நுனியை முறுக்கிக்கொண்டே சொன்னாள்: "அந்தாளு ஊருக்குள்ள வர்லக்கா. நான் ஏறுறப்பவே பஸ்ல குந்திக்கினு இருக்காரு."

வாய் திறந்த நாள்

அரசு வக்கீலிடம் ஓடினேன். நிபந்தனையை மாற்றக் கேட்டு மனுப் போட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, உத்தரவுப்படி கையெழுத்துப் போடப் போகிறவனைக் குற்றம் சொன்னால் எப்படி என்றார். நியாயமான கேள்விதான், அதனால்தான் பக்கத்தில் நின்ற பெண்ணின் அம்மா கையைப் பிடித்துக்கொண்டேன்.

நீதிபதி அம்மா பெண்ணின் தாயைப் பார்த்து, வேறு பஸ்ஸில் அனுப்பலாமே என்றார். கோர்ட்டு வாசலைக் கண்டாலே நாக்கு ஒட்டிக்கொள்கிறவர், அன்று என் கையை விட்டுவிட்டு முன்னால் போய் நின்றார்: "வேற பஸ்ஸு மத்தியானந்தாங்கம்மா வரும். அதுக்குள்ள பாதி பாடம் முடிஞ்சிடும்."

பக்கத்து சீட்டு

வழக்கு முடியும்வரை அவன் உளுந்தூர்பேட்டையில் தங்கி, அங்கேயே கையெழுத்துப் போட வேண்டும் என்று உத்தரவு மாறியது. வழக்கு இன்னும் நடக்கிறது.

வெளியில் என்னைப் பார்த்தால் தெரிந்ததுபோலக் காட்டிக்கொள்ளாதே என்று பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன். நான் யாரென்று தெரிந்தால் அவர்கள் கதையை ஊர் மோப்பம் பிடித்துவிடும். எல்லாப் பிள்ளைகளும் சொன்னபடி கேட்கிறார்கள். சந்தையில் என்னை இடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போகிறார்கள். நல்லதுதான், ஆனாலும் வலிக்கிறது.

போன மாதம் இன்னொரு வழக்குக்காக மலையில் தங்கிவிட்டுக் காலை பஸ்ஸில் கீழே வந்துகொண்டிருந்தேன். அந்தப் பெண் புத்தகப் பையோடு ஏறினாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வேறு ஊரிலிருந்து வந்த தோழி முன் சீட்டில் அவளுக்கு இடம் போட்டு வைத்திருந்தாள். இவளோ நேராக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வளைவுகளில் தோளோடு தோள் இடித்தது, அவள் விலகவில்லை. "யாருடி அவங்க?" என்று தோழி திரும்பிக் கேட்டாள். இவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "யாருன்னு தெரிலடி. எடம் இருந்திச்சி, குந்திக்கினேன்."

யாரென்று தெரியாது என்று சொல்லக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்டவள் அந்தப் பஸ்ஸில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.