தொட்டி நிழலில் வெள்ளி

பட்டப்பகலில் வெள்ளிக் கிரகத்தைப் பார்க்க முடியும் என்று எனக்குக் காட்டியவன் என் மனைவியின் தம்பி. எழுமலை ரூட்டில் பஸ் ஓட்டுகிறான். அந்தச் சின்னத் தொலைநோக்கியும் அவன் வாங்கியதுதான்.

மாசி முழுக்க எங்கள் கோரிப்பாளையம் மொட்டைமாடியில் சாயங்காலம் இதே வேலை. சூரியனை நெருங்க நெருங்க வெள்ளி மெலிந்துகொண்டே வந்தது. நீலத்தில் வெட்டிப் போட்ட நகம். கீழே ஜங்ஷனில் ஹாரன் அலறிக்கொண்டிருக்க, அது சத்தமே இல்லாமல் தலைக்கு மேல் நின்றது. பகலெல்லாம் அங்கேதான் நின்றிருக்கிறது. அது எனக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம்.

“வண்டிக்கு முன்னால வர்ற மாட்ட ஒழுங்காப் பாரு, அது போதும்,” என்பாள் அவன் அக்கா.

சூரியனை மறைக்க மாடியின் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி இருந்தது. அதற்குக் கிழக்கே நிழலில் உட்கார்ந்து தொட்டிக்கு மேலே தேடுவோம். தொலைநோக்கிக் குழாயை இறக்கும்போது தொட்டியின் கறுப்பு வந்தால் நிறுத்திவிட வேண்டும், அதற்குப் பின்னால் சூரியன். அவன் வைத்த சட்டம் அது. பொழுது இறங்க இறங்க நிழல் நீண்டு எங்களை இன்னும் நன்றாக மூடும்.

பங்குனியில் வெள்ளி காலை வானத்துக்கு மாறியது. ஸ்டூலைத் தொட்டிக்கு மேற்கே போட்டோம். மற்றதெல்லாம் பழையபடி. காலையில் சூரியன் ஏறும், நிழல் சுருங்கும் என்பது இருவர் புத்தியிலும் உறைக்கவில்லை.

ஒரு நாள் காலை நான் டீ வாங்கிக்கொண்டு மேலே வந்தபோது அவன் தலைமுடியில் வெயில் பட்டிருந்தது. கைநழுவிய வெள்ளியைத் தேடி, கண்ணை எடுக்காமலே குழாயை மெல்ல இறக்கிக்கொண்டிருந்தான். கறுப்பு வரும் வரை இறக்கலாம் என்ற பழக்கம்.

“மாப்ள, கண்ண எடு.”

எடுத்துவிட்டான், அதற்குள் சூரியன் கண்ணில் பட்டுவிட்டது. லேசாக மின்னியதாம், வலி இல்லையாம். சிரித்தபடி டீயைக் குடித்தான். வலித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவன், இடது கண்ணைப் பொத்திக்கொண்டு அக்காவையே பார்த்தான்.

“அக்கா, ஒன் கம்மல் தெரியுது, முடி தெரியுது. மூஞ்சிய மட்டும் காணோம்.”

யாரும் சோற்றில் கை வைக்கவில்லை. உடனே கண் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். மத்தியான டூட்டியை முடித்துவிட்டு வருவதாகச் சொன்னான். இன்றைக்கு ஆஸ்பத்திரி என்றால் நாளைக்கு ஸ்டியரிங் இருக்காது என்று அவனுக்குத் தெரியும். அறுபது பேர் ஏறும் வண்டி என்றேன்.

“ரெண்டு கண்ணையும் தொறந்தா கொற தெரியல மாமா. ஓட்டிருவேன்.”

அவள் எழுந்து போனாள். ஆணியில் தொங்கிய, இஸ்திரி போட்ட காக்கிச் சட்டையை எடுத்து, குளியலறை வாளித் தண்ணீரில் முக்கி, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“இது காயிற வரைக்கும் ஆஸ்பத்திரில இரு.”

அவன் ஒரு கண்ணை மூடி வாளியைப் பார்த்தான், பிறகு மறு கண்ணை மூடிப் பார்த்தான். நான் என் பைக் சாவியைத் தேடினேன். பங்குனி வெயிலில் ஒரு சட்டை காய எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று எங்கள் மூவருக்குமே தெரியும்.