கோதைநாயகி டிஸ்க் மாற்றிய நாள்

கோதைநாயகிக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. ஸ்ரீரங்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு டீச்சராக இருந்தபோது வகுப்பையே சுற்றிச் சுற்றி வந்துதான் பாடம் நடத்துவாள். வேலையை விட்ட பிறகு, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே லேப்டாப்பில் டியூஷன் எடுத்தாள். அவள் கணவர் வரது நேர் எதிர். பேங்கில் ரிட்டயர் ஆனவர். பேப்பரோடு நாற்காலியில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார்.

"எப்படித்தான் இப்படி உக்கார முடியறதோ!" என்று கல்யாணமான புதிதில் சலிக்கத் தொடங்கியவள் இன்னும் நிறுத்தவில்லை.

அந்த லேப்டாப் பழசு. அதை ஆன் செய்துவிட்டுப் போய் ரசத்துக்குத் தாளித்துக் கொட்டிவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். ஒருநாள் வகுப்பின் நடுவில் அப்படியே உறைந்து நின்றது. பிள்ளைகள் ஒவ்வொருவராக விலகிப் போனார்கள்.

மறுநாள் காலை பஸ் ஏறிப் பாலக்கரைக்குப் போனாள். கம்ப்யூட்டர் கடை ஹபீபுல்லா மூடியைத் திறந்து பார்த்தார்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கும்மா. டிஸ்க்குதான் தள்ளாடுது. எஸ்.எஸ்.டி.ன்னு புது மாதிரி டிஸ்க் வந்திருக்கு, அதைப் போட்டா பறக்கும். வெச்சுட்டுப் போங்க, நாளன்னிக்கு வாங்க."

"நாளன்னிக்கா? சாயங்காலம் கிளாஸ் இருக்கே!"

அவளால் காத்திருக்க முடியாது. புது டிஸ்க்கையும், அதை லேப்டாப்போடு இணைக்கும் ஒயரையும், சின்ன ஸ்க்ரூ டிரைவரையும் வாங்கிக்கொண்டு, செய்முறையை அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு திரும்பினாள்.

முதலில் பழைய டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் புதியதில் நகல் எடுக்க வேண்டும். திரையில் பச்சைக் கோடு எறும்பாக ஊர்ந்தது. கோதைநாயகி மேஜையைத் துடைத்தாள். கோட்டைப் பார்த்தாள். துணி உலர்த்திவிட்டு வந்து மறுபடி பார்த்தாள். ஒயர் சரியாகச் செருகியிருக்கிறதா என்று சந்தேகம் வந்தது. லேசாக அழுத்தித்தான் பார்த்தாள். பச்சைக் கோடு மறைந்து சிவப்பு எழுத்துகள் வந்தன. பாதிக்கு மேல் முடிந்திருந்த நகல் வீணாயிற்று.

தலையில் கைவைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். "ஏன்னா, திரும்ப முதல்லேர்ந்து போட்டிருக்கேன். நான் இங்க இருந்தா மறுபடியும் தொட்டுடுவேன். நீங்க பக்கத்துல உக்காருங்கோ. யாரையும் தொடவிடாதீங்கோ. என்னையும் சேர்த்துத்தான்."

வரது பேப்பரோடு எழுந்து போய் லேப்டாப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அவள் வெயிலோடு, கோயிலைச் சுற்றியுள்ள உத்தர வீதியை வலம் வந்தாள். அது போதாமல் சித்திரை வீதிக்கும் போனாள். வழியில் பார்த்தவர்களிடம் நின்று பேசக்கூட மனம் இல்லை. புது டிஸ்க்கும் கெட்டிருந்தால்? பாடங்களெல்லாம் போயிருந்தால்? திரும்பி வந்தபோது வரது உட்கார்ந்தது உட்கார்ந்தபடி இருந்தார். காலை மாற்றிப் போட்டதாகக்கூடத் தெரியவில்லை. நகல் முடிந்திருந்தது.

லேப்டாப்பை அணைத்து, அடிமூடியைக் கழற்றி, பழைய டிஸ்க் இருந்த இடத்தில் புதியதைச் செருகினாள். வரது டார்ச் பிடித்தார். வெளிச்சம் அசையவே இல்லை. ஆன் செய்ததும், அவள் மூச்சை விடுவதற்குள் திரை வந்து நின்றது. பாடங்கள் அத்தனையும் இருந்தன. சாயங்கால வகுப்பு தடங்கலில்லாமல் நடந்தது.

முடித்துவிட்டு வந்து, அவருக்கருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அத்தனை நேரம் உக்காந்துண்டு என்ன நினைச்சிண்டிருந்தேள்?"

"ஒண்ணுமில்லே. நீ இப்போ எந்த வீதியில போயிண்டிருப்பேன்னுதான்."

அதற்கு மேல் அங்கே உட்கார்ந்திருக்க அவளால் முடியவில்லை. காபி கலக்க எழுந்து போனாள்.