அடி அண்ணாமலையின் வெள்ளைச் சுவர்கள்

ஆரணியில் காலை ஐந்தே முக்கால் பஸ். திருவண்ணாமலைக்குச் சுமார் அறுபது கிலோமீட்டர். டிக்கெட் இரண்டரை ரூபாய். நெருக்கடி நிலையின் இரண்டாவது மார்கழி அது. 'தேர்தல் எப்போது?' என்று சுவரில் கரியால் எழுதியதற்காக என் மகனைப் பிடித்துப்போய்ப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. வேலூர் சிறையில் இருந்தான். தேர்தல் என்று அறிவித்தால் எல்லாரையும் விட்டுவிடுவார்கள் என்று பேச்சு. மலையைச் சுற்றுவதாக வேண்டிக்கொண்டிருந்தேன்.

போளூர் தாண்டியதும் பக்கத்து சீட்டு மல்லாட்டை வியாபாரி, மடியில் வேர்க்கடலைப் பையோடு, குனிந்து சொன்னார்: "பிரதமர் மார்ச்சுல எலெக்‌ஷன் வைப்பாங்கன்றாங்க."

"யார் சொன்னாங்க?"

"அப்படிக் கேட்டா, யாரும் சொல்லலீங்க."

அடுத்த நிறுத்தத்தில் அவர் வேறு சீட்டுக்கு மாறிக்கொண்டார்.

எட்டேகாலுக்குக் கோயிலிலிருந்து நடக்கத் தொடங்கினேன். சுற்றுப்பாதை பதினான்கு கிலோமீட்டர். சாதாரண நாள், ஆசிரமத்தைத் தாண்டியபின் எதிரே ஓர் ஆள்கூட இல்லை. பத்து மணிக்கு அடி அண்ணாமலை கிராமம். தெருவின் ஒரு பக்கம் முழுக்கப் புது வெள்ளை. ஈரச் சுண்ணாம்புக்கு அடியில் போன தேர்தலின் எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுவர் காயக் காய அவை ஒவ்வொன்றாக மறைந்தன.

"யாரும்மா அடிக்கிறாங்க?" என்று டீக்கடை அம்மாவைக் கேட்டேன்.

"தெரியலீங்க. காலையில எழுந்து பார்த்தா என் கடையே எனக்கு அடையாளம் தெரியல."

தேர்தல் நெருங்கினால் கட்சிக்காரர்கள் முந்திக்கொண்டு வெள்ளையடித்துச் சுவரைப் பிடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மூலையில் கட்சியின் பெயர் இருக்கும். இங்கே மூலையில் எதுவும் இல்லை. அதை நான் யோசிக்கவில்லை. பையிலிருந்த கார்டில், சிறை அதிகாரிகள் படிப்பார்களே என்று ஒரே வரிதான் எழுதினேன்: 'திருவண்ணாமலையில் சுவர்களுக்கு வெள்ளை அடிக்கிறார்கள்.' மகனுக்குப் புரியும். அங்கிருந்த தபால்பெட்டியில் போட்டேன்.

தெருக்கோடியில் வெள்ளையடிக்கிறவர் மட்டையை வாளியில் தோய்த்துக்கொண்டிருந்தார். எந்தக் கட்சி என்று கேட்டேன்.

"கட்சியா? அதுல பாதிப் பேரு உள்ள இருக்கான் சார். யாரோ ஆபீசர் வர்றாராம். பழைய எழுத்து ஒண்ணு கண்ணுல படக்கூடாதாம்."

திரும்பி ஓடினேன். தபால்காரர் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் எடுத்துப் போய்விட்டதாக டீக்கடை அம்மா சொன்னார். சுவர்களில் அதற்குள் ஓர் எழுத்தும் இல்லை. மீதிச் சுற்றை எப்படி நடந்தேன் என்று நினைவில்லை.

மாலை ஆரணியில் இறங்கியபோது எங்கள் தெருச் சுவர்கள் பழைய அழுக்கோடுதான் இருந்தன. பொய் நம்பிக்கை கொடுத்துவிட்டேன் என்று மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

எட்டாம் நாள் மகனிடமிருந்து கார்டு வந்தது. அவனும் ஒரே வரிதான் எழுதியிருந்தான்: 'அப்பா, நேற்று எங்கள் அறைகளுக்கும் வெள்ளை அடித்தார்கள்.'

தங்களை வீட்டுக்கு அனுப்புவதற்கா, இன்னும் ஆட்களைக் கொண்டுவந்து அடைப்பதற்கா என்று அவன் எழுதவில்லை. அவனுக்கும் தெரிந்திருக்காது.