திரைக்குப் பின்னால் இரண்டு கடியாரங்கள்

எனக்குப் பிடித்தது புதுசுதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய கடியாரத்தைத் தேர்ந்தெடுத்தவள் என்று எங்கள் குடும்பத்தில் என்னைப் பெரிய ரசனைக்காரி மாதிரி பேசுவார்கள். ரசனையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. என் கண்ணை மட்டும் கேட்டிருந்தால் நான் அந்தக் கைக்கடியாரத்தைத்தான் காட்டியிருப்பேன்.

அப்போது நாங்கள் ஆம்பூரில் இருந்தோம். என் வீட்டுக்காரர் தோல் தரகர். சந்தைகளிலிருந்து வரும் பச்சைத் தோலைப் பதனிடும் ஷாப்புக்காரர்களுக்கு வாங்கிக் கொடுப்பது அவர் வேலை. தோல் மண்டியில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். வாங்குகிறவரும் விற்கிறவரும் எதிரெதிரே உட்கார்ந்து, இருவர் கை மேலும் ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். துண்டுக்கு அடியில் விரல்தான் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, நாலு விரலைச் சேர்த்துப் பிடித்தால் நாலு. எதிராளியின் விரல்களை மடக்கிவிட்டால் கட்டாது என்று அர்த்தம். உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்து இறுக்கினால் பேரம் படிந்தது. அதற்குப் பிறகு யாரும் பேச்சு மாறக் கூடாது. சுற்றி நிற்கிறவர்களுக்கு இரண்டு முகங்கள் மட்டும்தான் தெரியும்.

இந்தக் கணக்கு பெண்களுக்குத் தெரியாது என்பது ஆண்களின் நினைப்பு. என்னைப் பெற்ற அத்தாவும் தோல் வியாபாரிதான். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது விளையாட்டுக்கு என் பாவாடை நுனியைத் துண்டாகப் போட்டு எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்துவிட்டார். கல்யாணத்துக்குப் பிறகு நான் அதைப் பற்றி மூச்சே விடவில்லை. தெரிந்ததை எல்லாம் புருஷனிடம் கொட்டிவிட வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

அந்த வருஷம் முழுக்க எனக்கு அவர் மேல் எரிச்சல். எதிரே நின்று பேசினால் ஒழுங்காகப் பதில் சொல்வார். முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பவே மாட்டார். வாசல் அறையில் அவர் உட்கார்ந்திருக்கும்போது நான் திரைக்கு இந்தப் பக்கமிருந்து நாலு தடவை கூப்பிட்டிருப்பேன். கல்லுப்பிள்ளையார் மாதிரி என்று பக்கத்து வீட்டு அம்மாள் தன் புருஷனைச் சொல்வாள். என் வீட்டுக்காரரும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார். கையில் நாலு காசு சேர்ந்ததும் திமிர் வந்துவிட்டது என்று நினைத்தேன். நினைத்ததோடு விடவில்லை, நன்றாகக் கத்தியும் இருக்கிறேன்.

போதாததற்கு மெட்ராஸ் போகும் ரயிலை இரண்டு முறை விட்டுவிட்டார். ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே தோஸ்த்துகளோடு உட்கார்ந்திருந்தும் விட்டுவிட்டார். மண்டியில் கேலி பேசினார்கள். அதற்குப் பிறகுதான் கடியாரம் வேண்டும் என்ற பேச்சு வந்தது. பெரிய ஷாப்புக்காரர்கள் எல்லாரும் வைத்திருக்கிறார்கள், நமக்கும் ஒரு மதிப்பு வேண்டாமா என்றார். மதிப்பு வந்தால் எனக்கும் சந்தோஷம்தானே. சரி என்றேன்.

வேலூரில் கடியாரம் பழுது பார்க்கும் ஒருவர் இருந்தார். ஊருக்குக் கப்பலேறும் துரைமார்கள் விற்றுவிட்டுப் போகும் நல்ல நல்ல கடியாரங்களை வாங்கி, துடைத்து, எண்ணெய் போட்டு, வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு என்று தோல்காரர்கள் வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டுவார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவர் பைக்குள் கடியாரம், வாய்க்குள் ஊர்ச் செய்தி. இந்த வீட்டில் பார்த்ததை அடுத்த வீட்டில் இறக்கிவைத்துவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பார்.

ஒரு காலை நேரத்தில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அடுப்பில் சோறு இன்னும் கொதிக்கவில்லை. வெளி ஆண்கள் வந்தால் நான் திரைக்கு உள்ளேதான் இருப்பேன். என் குரலும் வெளியே போகாது. எங்கள் வீட்டு வழக்கம் அது. என் வீட்டுக்காரர் திரையை ஒட்டிப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கடியாரக்காரர் எதிரே பாயில் பையைப் பிரித்தார்.

முதலில் வந்தது பழசு. யாரோ ஒரு கிழட்டு ராணுவ துரை வைத்திருந்த தங்கப் பாக்கெட் கடியாரமாம். மூடி போட்டது. விளிம்பில் நகமளவுக்கு ஒரு தள்ளுகட்டை உண்டு, அதைத் தள்ளினால் முள் எந்த மணியில் நிற்கிறதோ அத்தனை அடி உள்ளே மணி அடிக்கும் என்றார். அடுத்தது புதுசு. சுவிஸ் நாட்டுக் கைக்கடியாரம், அதுவும் தங்கம், ரேடியம் எண்கள். கையில் கட்டி ஆறு மாசம்கூட ஆகாத சரக்கு, வாங்கிய துரைக்கு மாற்றல் வந்துவிட்டது என்றார். விலையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பழசுக்கு வேலைப்பாடு ஜாஸ்தி, புதுசுக்கு வயசு கம்மி என்று அவரே நியாயம் பேசிக்கொண்டார்.

பழசை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்து, காதில் வைத்துப் பார்க்கும்படி சைகை காட்டிவிட்டு, கடியாரக்காரர் பைக்குள் தலையை விட்டு எதையோ தேடினார். என் வீட்டுக்காரர் காதில் வைத்தார். தலையை ஆட்டினார். திரைக்கு நடுவிலிருந்த விரிசலில் எல்லாம் எனக்குத் தெரிந்தது.

"நல்ல ஓட்டம்பா. சத்தம் சுத்தமா கேக்குது" என்றார்.

பிறகு இரண்டையும் ஒரு தட்டில் வைத்துத் திரைக்குக் கீழே உள்ளே தள்ளினார். நான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று அர்த்தம். அந்த மரியாதை எனக்கு எப்போதும் உண்டு.

நான் கைக்கடியாரத்தைத்தான் முதலில் எடுத்தேன். வத்தல் மாதிரி அவ்வளவு மெலிசு. இரண்டு கையாலும் பொத்தி உள்ளே பார்த்தால் எண்கள் பச்சையாக மின்னின. அவருடைய சிவந்த மணிக்கட்டில் இது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். மனசு அங்கேயே விழுந்துவிட்டது. சும்மா ஒரு ஒப்புக்குத்தான் பழசை எடுத்துக் காதில் வைத்தேன்.

சத்தமே இல்லை.

மறு காதில் வைத்தேன். இல்லை. மூடியைத் திறந்தால் முள் நாலு மணியில் நிற்கிறது. படுபாவி, நின்றுபோன சரக்கை நம் தலையில் கட்டப் பார்க்கிறானே என்று கடியாரக்காரர் மேல்தான் முதலில் கோபம் வந்தது. அப்போது வெளியே அவரே பேசினார்.

"சாயபு, அந்தப் பழசுக்கு இன்னிக்கு சாவி குடுத்தேனா இல்லையான்னு ஞாபகம் இல்ல. ஓடுதுன்னா சொன்னீங்க?"

என் வீட்டுக்காரர் திரையைப் பார்த்துத் திரும்பி, என் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். கடியாரக்காரர் அவர் முதுகைப் பார்த்து இன்னொரு தடவை கேட்டார். என் வீட்டுக்காரர் அசையவில்லை.

முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டால் திரும்பாதது, முகத்தையே பார்த்துப் பார்த்துப் பேசியது, பள்ளிவாசலில் பாங்கு சொன்னது தெரியாமல் உட்கார்ந்திருந்தது, ரயில் ஊதியது தெரியாமல் விட்டது, எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நின்றன. மனுஷனுக்குக் காது போய்விட்டது. அதனால்தான் கடியாரம். மதிப்பும் இல்லை, மசாலாவும் இல்லை.

அடுத்த நொடியே பயம் பிடித்தது. விலையை விரல் பேசினாலும் தரகருக்குப் பிழைப்பு காதில்தான். எந்த ஷாப்பில் தோல் இல்லாமல் திண்டாடுகிறார்கள், எவன் அவசரமாக விற்கப் பார்க்கிறான் என்று மண்டியில் குசுகுசுவென்று பேசுவதைக் கேட்டுத்தான் அவர் விரல் கணக்குப் போடும். தரகருக்குக் காது கேட்காது என்று இந்தக் கடியாரக்காரர் ஒரு வீட்டில் சொன்னால் போதும். சாயங்காலத்துக்குள் ஊர் பூராத் தெரிந்துவிடும். மறுநாள் அவரைச் சீந்த ஆள் இருக்காது.

"எங்க, அதக் குடுங்க சாயபு, பாத்துர்றேன்" என்று கடியாரக்காரர் எழுந்திருக்கும் சத்தம் கேட்டது.

நான் கடியாரத்தின் தலைத் திருகைப் பிடித்துக் கரகரவென்று திருகினேன். காதில் வைத்தேன். உயிர் வந்துவிட்டது. பிறகு, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து செய்யாத ஒன்றைச் செய்தேன். அந்நிய ஆணுக்குக் கேட்கிற மாதிரி வாய் திறந்து பேசினேன்.

"ஓடுது. நல்லாத்தான் ஓடுது."

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வரும் என்று அந்த மனிதர் எதிர்பார்க்கவில்லை. "சரிம்மா, சரிம்மா" என்று மறுபடி உட்கார்ந்துவிட்டார். என் வீட்டுக்காரருக்கு இது எதுவுமே தெரியாது. பதில் வரவில்லையே என்று கையை மட்டும் திரைக்கு இந்தப் பக்கம் நீட்டினார், உள்ளங்கை மேலே பார்க்க.

வாயால் சொன்னால் அவருக்குக் கேட்காது. கேட்கிற மாதிரி சொன்னால் ஊருக்கே கேட்கும். நான் பழைய கடியாரத்தை அந்தக் கையில் வைத்து, விரல்களை அதைச் சுற்றி மூடி, தள்ளுகட்டையைத் தள்ளினேன். நாலு அடி. பொத்திப் பிடித்ததில் சத்தம் வெளியே போகவில்லை, ஆனால் ஒவ்வொன்றும் அவர் உள்ளங்கையில் விழுவது மேலே வைத்திருந்த என் கைக்கே தெரிந்தது.

காலை வேளையில் நாலு அடி அடிக்கும் கடியாரம் ராத்திரியே நின்றுபோன கடியாரம். அது அவருக்குத் தெரியாதா? நல்ல ஓட்டம் என்று சற்று முன் அவர் வாயாலேயே சொன்னது. அந்தக் கை அப்படியே செத்துப்போனது.

நான் கடியாரத்தை எடுத்துவிட்டு அவருடைய நாலு விரலையும் சேர்த்துப் பிடித்தேன், மண்டியில் பிடிக்கிற மாதிரியே. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. எனக்கு இந்தப் பாஷை தெரியும் என்பதும் அவருக்கு அப்போதுதான் தெரியும். இழுத்துக்கொள்ளப் பார்த்தார். நான் விடவில்லை.

"இன்னா சாயபு, வீட்டுக்குள்ளயும் துண்டு போட்டுத்தான் பேரமா?" என்று கடியாரக்காரர் சிரித்தார். அவர் சிரிப்பதைப் பார்த்து இவரும் சிரித்தார். பாவி மனுஷன், எத்தனை நாளாக இப்படி அடுத்தவர் சிரிப்பைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாரோ. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

புதுசை மறுபடி ஒரு தடவை பார்த்தேன். அழகுதான், சந்தேகமே இல்லை. ஆனால் அது கண்ணோடு மட்டும்தான் பேசும். பழசு கையோடு பேசும். என் வீட்டுக்காரர் கை மாதிரி புத்தியுள்ள கையை நான் பார்த்ததில்லை. இருட்டில் தோலைத் தடவி அது எந்தச் சந்தைத் தோல் என்று சொல்லிவிடுவார். கும்பலுக்கு நடுவில் உட்கார்ந்து, ஒரு கை துண்டுக்கு அடியில் விலை பேசும்போது, மறு கை சட்டைப் பைக்குள் ரயில் நேரத்தைத் தெரிந்துகொள்ளும். எவனுக்கும் ஒன்றும் தெரியாது. எது வேண்டும் என்பதில் எனக்குத் துளி சந்தேகமும் இருக்கவில்லை. பழசைத் திரும்ப அவர் கையில் வைத்தேன்.

அவர் அதை மடியில் வைத்துவிட்டு வெறும் கையை மறுபடி உள்ளே நீட்டினார். என் உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்து இறுக்கினார்.

"பழசே இருக்கட்டும்பா" என்றார் வெளியே.

கடியாரக்காரர், சாவி கொடுத்தவன் மணி வைக்க மறந்துவிட்டேன் போல என்று முள்ளைச் சரியான மணிக்குத் திருப்பி, காதில் வைத்துப் பார்த்து, அம்மா கை ராசியான கை என்று புகழ்ந்துவிட்டுப் புதுசைப் பையில் போட்டுக்கொண்டு போனார். அது போவதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் வயிறு எரிந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

வாசல் கதவு சாத்தியதும் அவர் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். நான் பிடித்துக்கொண்டேன். கட்டினவளிடம் மறைக்கிற விஷயமா இது, ஒரு வருஷமாக என்னைக் காட்டுக் கத்தல் கத்தவிட்டீரே என்று அடித் தொண்டையிலிருந்து ஆரம்பித்தேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து எங்கள் இருவர் கை மேலும் போட்டார்.

"மெதுவா. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்" என்றார். "கையில சொல்லு."

துண்டுக் கணக்கில் எண்கள் உண்டு, கட்டும், கட்டாது உண்டு. திட்டுவதற்கு ஒன்றுமே கிடையாது. நான் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, அவர் கையைப் பிடித்து வலிக்க வலிக்க இறுக்கினேன்.

"கேக்குது" என்றார்.