ஊதா மருந்தும் வெள்ளை வௌவாலும்

1. தவிடு

கல்முனைப் பக்கத்து அரச மிருக வைத்திய அலுவலகமொன்றில் முப்பது வருடம் உதவியாளராக இருந்தேன். மாட்டுக்கு ஊசி, ஆட்டுக்குப் பூச்சி மருந்து, கோழிக்குச் சொட்டு மருந்து. இந்த மூன்றும் தெரிந்தால் எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தேன். யுத்தம் முடிந்த வருடம், நாவிதன்வெளி வயல்காரர் சின்னத்தம்பி அண்ணன் ஒரு சாக்கோடு வந்தார்.

“முள்ளுக்கம்பியில கிழிபட்டுக் கிடந்தது காக்கா. யுத்தம் முடிஞ்சிட்டாம். கம்பிக்குத்தான் இன்னும் ஆரும் சொல்லல்ல.”

எங்கள் பக்கத்தில் முஸ்லிம் அண்ணன்மாரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சாக்குக்குள்ளே வெள்ளை வெளேரென்று ஒரு பழந்தின்னி வௌவால். இடது இறக்கை கிழிந்திருந்தது. அப்படியொரு நிறத்தில் நான் வௌவால் கண்டதேயில்லை.

சுனாமிக்குப் பிறகு ஒரு நிறுவனம் எங்களுக்குக் கோழிக்கூடுகள் தந்திருந்தது. கூடு வந்தது, கோழி வரவில்லை. அதிலொன்றில் வௌவாலை நிமிர்த்தி உட்காரவைத்து, தவிடும் குழைத்து வைத்தேன். எங்கள் அலுவலகத்து மிருக வைத்தியர் டொக்டர் மிஸ் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார்.

“காக்கா, இது கோழியில்ல. மேல்கம்பியில தொங்க விடுங்க. பழுத்த கொய்யா குடுங்க. இறக்கைத் தோல் தானா வளரும், ஒரு மாசம் போகும். அதுக்குள்ள ஆரும் தொடப்படாது.”

2. கத்தரிக்காய்

மூன்றாம் நாள் அரிசி ஆலை ஹாஜியார் வந்தார். சுனாமித் தண்ணீர் அள்ளிக்கொண்டு போயும் பிழைத்தவர். அன்றிலிருந்து முட்டு, மூச்சிழுப்பு வருத்தம். நாலு சொல் கதைத்தால் மூச்சுக்காக ஒரு தரம் நிற்பார்.

“வெள்ள வவ்வால் இரிக்காமே தம்பி. அதுட எறச்சி முட்டுக்கு மருந்தாம். எனக்குத் தாங்க.”

“ஹறாமில்லையா ஹாஜியார்?”

“அத மௌலவிட்டக் கேக்குறன். நீங்க வவ்வாலத் தாங்க.”

எங்கள் அலுவலகத்துக்கு ஓடு போட்டுத் தந்த மனிதர். இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை. “வெள்ளிக்கிழமை வாங்க” என்று சொல்லிவிட்டேன். பிறகு வியாழன் வரைக்கும் தூக்கமில்லை.

வெள்ளை நிறம்தானே பிரச்சினை? மாட்டுப் புண்ணுக்குப் பூசும் ஜென்ஷன் வயலட் என்ற ஊதா மருந்துப் போத்தலை எடுத்தேன். ஒரு கையில் தோல் கையுறை போட்டு வௌவாலைப் பிடித்து, வெறும் மறுகையால் முகத்தை விட்டு மிச்சமெல்லாம் பூசினேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடிந்து ஹாஜியார் வந்தபோது, கூட்டில் ஒரு கத்தரிக்காய் தலைகீழாகத் தொங்கியது.

“வெள்ள எங்க?”

“பறந்திட்டுது ஹாஜியார். இது வேற.”

அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். வௌவால் பயத்தில் நெஞ்சு துடிக்க மூச்சு வாங்கியது. அவரும் வாங்கினார். “அப்ப சரி” என்று போய்விட்டார்.

நான் வென்றது அன்றைக்கு மட்டும்தான். வெள்ளை வௌவாலைப் பார்க்க வந்தவர்கள் இருபது பேர் இருக்கும். ஊதா வௌவாலைப் பார்க்கச் சம்மாந்துறையிலிருந்தும் ஆட்டோவில் வந்தார்கள். யுத்தத்தில் போட்ட மருந்தால் நிறம் மாறியதாக ஒருவர் விளக்கம் சொன்னார். மருந்துதான், போட்டது நான். டொக்டர் மிஸ் ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

“காயம் இறக்கையில. மருந்து ஏன், காக்கா, முதுகில?”

3. மாமரம்

ஒரு மாதத்தில் இறக்கை மூடியது. ஒரு நாள் பொழுதுபட்டு மஃரிப் தொழுகை நேரம் கூட்டைத் திறந்தோம். இரண்டு தரம் தடுமாறிவிட்டுப் பறந்தது. எனக்குக் கண் கலங்கியது. மருந்து வாடை என்று சமாளித்தேன்.

அடுத்த வாரம் ஹாஜியாரின் மாட்டுக்கு ஊசி போடப் போனேன்.

“உங்கட வவ்வால் எண்ட மாமரத்துக்குத்தான் வருது தம்பி. ஒரு பழம் மிச்சமில்ல.”

“எந்த வவ்வால் ஹாஜியார்?”

“நீங்க சாயம் பூசினதுதான். நாப்பது வருசமா அரிசி விக்கிறன். வெள்ளையரிசிக்குச் சிவப்புச் சாயம் போடுறதக் கண்டவன், சாயம் எனக்குத் தெரியாதா? எண்ட மாட்டுக்கும் அதே மருந்துதானே பூசினீங்க!”

எனக்கு முகம் எரிந்தது. “அப்ப ஏன் ஒண்டும் சொல்லாமப் போனீங்க?”

அவர் ஒரு தரம் நின்று மூச்செடுத்தார். “அது மூச்செடுத்தத பாத்தன். தண்ணிக்குள்ள இரிந்து வந்து நானும் அப்பிடித்தான் எடுத்தன். அதத் திண்டு எனக்கு என்ன மூச்சு வரப்போகுது?”

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஊதா மருந்தைக் காயத்துக்கு மட்டும் பூசுங்கள். ஒன்றைக் கேட்டு வரும் ஆளிடம் முதலில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். “அதக் கொல்ல வேணாம் ஹாஜியார்” என்று அன்றைக்கே நான் சொல்லியிருந்தால் விட்டிருப்பார். சொல்லாததால்தான் ஒரு மாதம் ஊதாக் கையோடு சோறு தின்றேன்.